அத்தான் இழுத்து வந்த படகு

அத்தான் அந்தப் படகை இழுத்து வந்த சனிக்கிழமை மத்தியானம், அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நண்பர் ஒருவரின் வேனுக்குப் பின்னால், துருப்பிடித்த டிரெய்லர் ஒன்று கிறீச்சிட்டபடி எங்கள் பாயான் பாரு வீட்டு வரிசைக்குள் திரும்பியது. அதன்மேல் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு மரப்படகு. பெயின்ட் பாளம் பாளமாக உரிந்திருந்தது. உள்ளே மழைத்தண்ணீரும் சருகும். அக்கா கையிலிருந்த ஈரச் சட்டையை உதற மறந்து நின்றாள்.

"என்னங்க இது?"

"படகுலா."

"அது தெரியுது. நம்ம வீட்டுக்கு எதுக்கு வருது?"

அது எண்பதுகளின் தொடக்கம். மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அத்தான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. பதினைந்து வருடமாக வருகிற கப்பல், போகிற கப்பல் என்று பெயர் எழுதியவர், அக்கரைக்குப் போகும் ஃபெரியைத் தவிர வேறெதிலும் ஏறியதில்லை. கிடங்குக்குப் பின்னால் கேட்பாரற்றுக் கிடந்த அந்தப் பாய்மரப் படகை உடைத்து விறகாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், மேலாளரிடம் போய்த் தனக்கென்று கேட்டுவிட்டார். வாழ்க்கையில் அவர் அலுவலகத்தில் எதையும் கேட்டது அந்த ஒரு தடவைதான் என்று அக்கா பிறகு சொன்னாள்.

அவளுடைய கோபத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்று. அத்தானுக்கு நீச்சல் தெரியாது. "நீந்தக் கத்துக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்தச் சாமான் கேட்டைத் தாண்டக் கூடாது," என்றாள். மறு வாரமே அத்தான் நாற்பத்திரண்டு வயதில் நீச்சல் குளத்து வகுப்பில் சேர்ந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் மிதவையைக் கட்டிக்கொண்டு காலடித்த கதையை வீட்டுக்கு வந்து சோபாவில் குப்புறப் படுத்து நடித்துக் காட்டுவார். அக்கா சிரிக்கக் கூடாது என்று குசினிக்குள் போய்விடுவாள். சத்தம் மட்டும் வெளியே வரும்.

ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் படகுக்கே போயின. பழைய பெயின்டைச் சுரண்டினோம். இற்றுப்போன இரண்டு பலகைகளை மாற்றி, இடுக்குகளில் பஞ்சுத் திரி திணித்து அடைத்தோம். டிரெய்லரின் சக்கரங்கள் அச்சோடு இறுகிப்போயிருந்தன. அத்தான் நாள் கணக்கில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தார். கடைசியில் ஒரு சக்கரம் அசைந்தபோது, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். பின்விளக்கு வேலை என்னுடையது. தொழிற்சாலையில் முடியளவு கம்பிகளைப் பற்றவைத்துப் பழகிய கைக்கு அது விளையாட்டு. சிவப்பு விளக்கு எரிந்ததும் எதிர்வீட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். அக்கா மட்டும் கிட்ட வரவில்லை. ஆனால் ஒரு நாள் வேலை முடிந்து நான் வந்தபோது கூடம் முழுக்கப் படகின் பாய்த்துணி விரிந்து கிடந்தது. நடுவே தையல் மெஷினோடு அக்கா. "கிழிஞ்சதக் கண்ணால பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?" என்றாள், நான் எதுவும் கேட்காமலேயே.

அத்தான் குளத்தை நிற்காமல் நீந்திக் கடந்த மாதம், தெலுக் கும்பார் கடற்கரைக்குப் படகைக் கொண்டுபோனோம். சொந்தக்காரர்கள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு வந்திருந்தார்கள். தண்ணீரில் இறக்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பலகை இடுக்குகளெல்லாம் ஊறி, படகு எங்கள் கண்முன்னே மெதுவாக உட்கார்ந்துவிட்டது. அத்தான் முழங்கால் தண்ணீரில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன்.

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த மலாய் மீனவர் ஒருவர்தான் சிரித்தார். ரொம்ப நாள் காய்ந்த மரம், அதற்குத் தாகம், ஒரு வாரம் குடிக்கட்டும் விடு என்றார் மலாயில். படகை அங்கேயே கட்டிப்போட்டு வந்தோம். அந்த வாரம் முழுதும் அத்தான் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மரம் உப்பி இடுக்குகள் தாமாகவே மூடிக்கொண்டிருந்தன. உள்ளே ஒரு சொட்டு ஏறவில்லை. அந்த மீனவரே வழி காட்டுகிறேன் என்று முதலில் ஏறினார். அடுத்து அத்தான். அவர் என்னைக் கூப்பிடக் கை நீட்டினார். அதற்குள் அக்கா தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

"நீ எங்கம்மா வர்ற? உனக்கு நீச்சல் தெரியாதே?"

"யாரு சொன்னா? பொம்பளைங்களுக்குப் புதன்கிழமை வகுப்பு. நாலு மாசமாப் போறேன். நீங்க முங்கினா யாரு தூக்குறது?"

அத்தான் வாயைத் திறந்தபடியே அவளைக் கைதூக்கி ஏற்றினார். அக்கா தைத்த பாய் ஒரு தரம் படபடத்து, பிறகு காற்றை வாங்கிப் புடைத்தது. கரையில் நின்ற நான் அழுதேனா சிரித்தேனா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வரும்போது சுக்கான் அக்கா கையில் இருந்தது.

அக்காவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. படகும் இல்லை, அத்தானும் இல்லை. அவரைப் பற்றி யார் கேட்டாலும் அவள் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் ஆரம்பிப்பாள். "அன்னைக்கு மூணு தடவ போனோம். இவருதான் பசிக்குதுன்னு திருப்பச் சொன்னாரு. இல்லாட்டி நான் லங்காவித் தீவு வரைக்கும் போயிருப்பேன்லா."