படிக்க முடியாத பலகை

வடமதுரையைத் தாண்டிவிட்டேன். நான்குவழிச் சாலையின் ஓரமாகத் திண்டுக்கல் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. ஆனால் அந்த நேரத்து பஸ்ஸில் அய்யலூர்ச் சந்தையிலிருந்து திரும்புகிறவர்கள்தான் இருப்பார்கள். என்னைக் காட்டி, "இந்தாளுதான் அது" என்று யாராவது சொல்லிவிட்டால்? அதனால் நடந்தேன்.

அப்போது எனக்கு வாரத்தில் ஒரு நாள் அய்யலூர் ஆட்டுச் சந்தையில் வேலை. விற்ற ஆடுகளைத் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும். மற்ற நாட்களில் ஒட்டன்சத்திரத்தில் மூட்டை தூக்குவேன், இல்லாவிட்டால் பழனி லாட்ஜுகளில் அறை கழுவுவேன். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஆனாலும் சந்தையில் எனக்குப் 'படிச்ச ஆள்' என்று பெயர். போனில் வருவதை மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்வேன். தெரியாத எழுத்து வந்தால் நானாக எதையாவது போட்டு நிரப்பிவிடுவேன். யாரும் கண்டுபிடித்ததில்லை.

அன்று விடியற்காலையில் சந்தை வாசலில் ஒரு அக்கா ஏழு ஆடுகளோடு நின்றிருந்தார். பக்கத்துக் கிராமம். கணவர் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்திருந்தார். ஆடுகளை வைத்துத்தான் வீடு ஓடியது. என்னைப் பார்த்ததும் போனை நீட்டினார்.

"தம்பி, ரெண்டு கெடாவ மட்டும் விக்கத்தான் இருந்தேன். நேத்து சாயங்காலம் இது வந்துச்சு. பயந்துபோய் அம்புட்டையும் ஓட்டியாந்துட்டேன். நெசமான்னு பாத்துச் சொல்லு."

வீடியோவில் வெள்ளைக் கோட்டு போட்டுப் பேசியது எங்கள் பகுதி மாட்டாஸ்பத்திரி டாக்டர். இந்த வட்டாரத்து ஆடுகளுக்குக் கொடிய நோய் வந்திருக்கிறது, நாளைச் சந்தையோடு சரி, அதன்பிறகு வீடு வீடாக வந்து ஆடுகளைப் பிடித்துப் புதைக்கப்போகிறோம் என்றார். முகம் அவருடையது, குரலும் அவருடையது. உதடும் பேச்சோடு சேர்ந்துதான் அசைந்தது. ஆனால் பேசி முடிக்கும்வரை அவர் ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பவில்லை. அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"பின்னாடி போர்டுல என்ன போட்டிருக்கு தம்பி?"

பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. பார்த்தால் தமிழ் மாதிரி இருந்தது. கொம்பு இருந்தது, சுழி இருந்தது, புள்ளிகூட இருந்தது. சேர்த்துப் படித்தால் எதுவும் வரவில்லை. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் நான்கு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கால்நடை மருத்துவமனைன்னு போட்டிருக்கு. கவர்மெண்டு போர்டுதான்க்கா" என்றேன்.

டாக்டரின் நம்பர் ஆஸ்பத்திரிச் சுவரிலேயே பெயிண்டால் எழுதியிருக்கும். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் படித்தது பொய் என்று தெரிந்துவிடுமே என்ற பயம் உள்ளே இருந்திருக்க வேண்டும்.

திண்டுக்கல் வியாபாரி ஒருவர் பாதி விலை சொன்னார். அக்கா பேரம் பேசவில்லை. ஏழு ஆடுகளையும் வண்டியில் ஏற்றியது நான்தான். அதில் இரண்டு சினையாடு. வயிற்றில் கை படாமல் பார்த்துத் தூக்கினேன்.

வண்டி போன பிறகு, ஒன்பது மணி வாக்கில் அதே டாக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். யாரோ வீடியோவை அவருக்கே அனுப்பியிருக்கிறார்கள். கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது.

"ஏன்யா, நான் என்னைக்குக் கோட்டு போட்டேன்? வாராவாரம் பாக்குறீங்க, இந்தச் சட்டைதான், அதுலயும் ஆட்டு மூத்திரம்."

"வீடியோவுல கொஞ்சம் செவப்பாவும் இருக்கீங்க சார்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"எம் மூஞ்சியையும் குரலையும் வச்சு கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்கானுங்க. யாருக்கும் அனுப்பாதீங்க. அதுக்காக அழிச்சும்புடாதீங்க. யாருகிட்டயிருந்து வந்துச்சுன்னு அதுலதான் இருக்கு. சைபர் கிரைம்ல புகார் குடுக்கணும்."

அக்கா முன்னால் வந்தார். கையில் ஆடு கட்டிய கயிறுகள் மட்டும் இருந்தன.

"போர்டப் படிக்கச் சொல்லிக் கேட்டுத்தான சார் வித்தேன். இந்தத் தம்பிதான் படிச்சுச் சொன்னுச்சு."

டாக்டர் பலகையைப் பெரிதாக்கி என்னிடம் காட்டினார். "எங்க, படிங்க."

"வெயில்ல கண்ணு தெரியல சார்."

"எனக்கும் தெரியல. எவனாலயும் படிக்க முடியாது. இது எழுத்தே இல்லய்யா, எழுத்து மாதிரி கிறுக்கல்."

"ஏலே, இல்லாத எழுத்தப் படிச்சிருக்கான்டா. கலெக்டராக வேண்டிய ஆளு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை. "ஏந்தம்பி, தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் கேட்டார். சொல்லியிருந்தால் அவரும் சந்தேகப்பட்டிருப்பார். கிடாய்கள் போக ஐந்து ஆடுகளும் வீட்டுக்குத் திரும்பியிருக்கும். புகாருக்குப் பெயர் கொடுக்க டாக்டர் ஆட்களைக் கூப்பிட்டபோது, நான் கூலிகூட வாங்காமல் வேலிப் பக்கமாக வெளியேறினேன். அந்த வீடியோவைச் செய்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் செய்தது என்ன என்று மட்டும் தெரியும்.

அன்றிரவு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். அது எனக்குப் பழக்கம்தான். காலையில் பழனி பஸ்ஸில் ஏறிவிடலாம் என்று இருந்தேன். இரண்டு பஸ் போயிற்று, ஏறவில்லை. ஊருக்கு வெளியே அந்த வியாபாரியின் ஆட்டுப் பட்டிக்கு நடந்தேன். கறிக்கடைகளுக்கு ஐந்து ஆடுகள் போய்விட்டிருந்தன. சினையாடு இரண்டும் மூலையில் நின்றன.

"என்னப்பு, கலெக்டரே நேர்ல வந்துட்டாரு" என்றார் வியாபாரி. சந்தையில் நடந்தது அவர் காதுக்கும் வந்திருந்தது.

"இந்த ரெண்டையும் அந்த அக்காவுக்கே குடுத்துருங்கண்ணே."

"வாங்குன வெலையக் குடுத்துட்டு ஓட்டிட்டுப் போகட்டும். சினையாட்ட நான் அறுக்க மாட்டேன். ஆனா அடுத்த சந்தை வரைக்கும் தீனி போடுறது யாரு?"

"நான் போடுறேன். பட்டியையும் கூட்டுறேன். கூலி வேணாம்."

"சோறு?"

"அது வேணும்ணே."

டாக்டரின் நம்பர் வியாபாரியிடம் இருந்தது. போனை வாங்கி, "சார், அந்தப் போர்டு எனக்குப் படிக்க வரல. வந்த மாதிரி சொல்லிட்டேன்" என்றேன்.

"இத எழுத்துல குடுப்பீங்களா? புகாரோட சேத்து வைக்கணும்."

"நீங்க எழுதி வாசிச்சுக் காட்டுங்க சார். கையெழுத்துப் போடுறேன்."

"சரி. மத்தியானம் அந்தம்மாவக் கூட்டிக்கிட்டு வாரேன். அங்கயே இருங்க."

அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. விளக்குமாற்றை எடுத்து, பட்டியின் ஒரு ஓரத்திலிருந்து புழுக்கையைக் கூட்டத் தொடங்கினேன்.