சீலாவதி அக்கா இறக்கிய தகரம்

அம்பாறை பஸ்ஸின் நடத்துனர் என் துணிக்கடை வாசலில் இறங்கி, "காக்கா, உங்கட சீலாவதி அக்கா மௌத்தாகிட்டா. நாளைக்கு அடக்கம்" என்றார். ஒரு பௌத்தப் பெண்ணின் மரணத்தை முஸ்லிம்களான எங்கள் வார்த்தையால் அவர் சொன்னது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் அப்பம் சுட்டு விற்றவர் அக்கா. எங்கள் தமிழில் எங்களைவிட நன்றாக ஏசுவார். ஊரில் இருந்த கொஞ்சச் சிங்களக் குடும்பங்கள் யுத்தப் பிரச்சினைக் காலத்தில் அம்பாறைக்குப் போனபோது அவரும் போய்விட்டார். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவருடைய மரண வீட்டில் மைக் பிடித்துப் பேசிய ஒருவருக்காகவும் எழுதுகிறேன்.

அந்தக் குடும்பங்களுக்கென்று ஒரு மரண உதவிச் சங்கம் இருந்தது. பேக்கரி வேலையாள், ஆஸ்பத்திரித் தொழிலாளி, தச்சர் என்று அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் ஆட்கள்தான் அங்கத்தவர்கள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. மற்ற வீடுகளில் சமைத்துக் கொண்டுவருவார்கள். ஆண்கள் முற்றத்தில் கொட்டகை போடுவார்கள், குழி வெட்டுவார்கள். பிரேதத்தின் முன்னால் பிக்குமாருக்குக் கொடுக்கும் வெள்ளைத் துணிக்கு அக்கா என்னிடம் வருவார். மருதமுனைத் தறியில் நெய்ததுதான் வேண்டும். "நல்லதாப் பாத்துக் கிழிங்க தம்பி. உசிரோட இருக்கக்குள்ள ஒண்டும் குடுக்க ஏலாத மனுசன், போகக்குள்ளயாவது நல்லதக் குடுத்திட்டுப் போகட்டும்" என்பார். பேருக்கு வேறொருவர் தலைவர். சங்கத்தை நடத்தியது அக்கா.

அந்தத் தலைவர் பலகையும் மரமும் விற்கும் மரக்காலை ஒன்றின் முதலாளி. அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதையும் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வார்.

எழுபத்தெட்டாம் வருசச் சூறாவளி எங்கள் கூரைகளையும் அவர்களுடைய கூரைகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது. பேக்கரியில் மாப் பிசைந்த பியசிறியின் மேல் சுவர் விழுந்து இடுப்பு முறிந்தது. அவருடைய மனைவி மல்லிகா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. சங்கத்துக் குடும்பங்களுக்கென்று நிவாரணத் தகரம் வந்தது. வந்த தகரம் நேராக முதலாளியின் மரக்காலைக் கூரையில் ஏறியது. கேட்கப் போன அக்காவிடம், எல்லாருக்கும் போதுமான அளவு வரட்டும், அதுவரை நனையாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றாராம். கூரையில் போட்டால் தகரம் நனையாதாம்! இதை என் கடையில் வந்து சொன்னபோது அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

அடுத்த மாரியும் வந்துவிட்டது. பியசிறி கிடுகுக் குடிசையில் எழும்ப முடியாமல் கிடந்தார். கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி இழுத்தது. இந்த ஈரத்திலேயே கிடந்தால் பிள்ளை மாரி தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மல்லிகா பிள்ளையை மடியில் போட்டு, அதன் தலைக்கு மேல் தாச்சிச் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சங்கத்துப் பெண்கள் முறை வைத்துச் சோறு கொண்டுபோனார்கள், நனைந்த துணிகளைத் தங்கள் அடுப்படியில் காயவைத்துக் கொடுத்தார்கள். சோற்றைக் கொடுக்கலாம், கூரையை எப்படிக் கொடுப்பது? கோபத்தை விட்டுவிடும்படி விகாரைப் பிக்கு அக்காவுக்குப் புத்தி சொன்னாராம். "விடுறன் எண்டுதான் சொன்னன் தம்பி. முதல்ல தகரத்த இறக்கிட்டு, மறுகா விடுறன் எண்டன்."

அந்த மழைக்குள்தான் முதலாளியின் தகப்பன் செத்துப்போனார். நான் வெள்ளைத் துணியோடு போனேன். சங்கத்து ஆட்கள் ஒருவர் மிச்சமில்லாமல் வந்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவன்ட வீட்டுக்குமா வந்தீங்க?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"கிழவன் நமக்கு என்ன செஞ்சவர்? வரத்தான் வேணும். கொட்டகையும் போடத்தான் வேணும்" என்றார்.

பிறகு முற்றத்தின் நடுவில் போய் நின்றார். சிங்களத்தில் ஒரு தரமும், வந்திருந்த எங்கள் கடைக்காரர்களுக்கும் விளங்கட்டுமென்று தமிழில் ஒரு தரமும் உரத்துச் சொன்னார்: "மழ பெய்யிது. பெரிய பெரிய ஆக்களெல்லாம் வாறாங்க. நம்மட சங்கத்துத் தகரத்தத் தலைவர் மரக்காலையில பத்திரமா வெச்சிருக்கார். போய் இறக்கிட்டு வாங்க, கொட்டகை போடுவம்."

முதலாளி வாயைத் திறந்தார். ஒரு பக்கம் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர்கள், மறுபக்கம் வியாபாரிகள், நடுவில் தகப்பனின் பெட்டி. திறந்த வாயை மூடிக்கொண்டார். நானும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மரக்காலைக் கூரையில் ஏறினேன். அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முன்னும் ஆணி பிடுங்கியதில்லை, பின்னும் பிடுங்கியதில்லை.

கொட்டகை ஒரு சொட்டும் ஒழுகாமல் எழுந்தது. கிழவருக்கு எந்தக் குறையும் வைக்காமல் எல்லாம் செய்தார்கள். அடக்கம் முடிந்து கொட்டகையைப் பிரித்தபோது தகரம் மரக்காலைக்குத் திரும்பவில்லை. முதலில் மல்லிகாவின் குடிசைக்குப் போனது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. முதலாளியின் முதிரைப் பலகைகள் மழையில் ஊறிக் கிடந்தன. கடையை அடைத்துவிட்டு அதைப் பார்க்கவென்றே நான் அந்தப் பக்கம் நடந்து போனேன். ஒரு நாள் மட்டுமல்ல.

முதலாளி அதை மறக்கவில்லை. அம்பாறைக்குப் போன பிறகு அங்கேயும் ஒரு சங்கத்துக்குத் தலைவரானார். அக்கா நோயில் விழுந்தபோது, அவர் நம் அங்கத்தவர் இல்லை என்று கைவிரித்தார். அக்காவைக் குளிப்பாட்டியது மல்லிகா. கஞ்சி கொண்டுபோனது பழைய கல்முனைக் குடும்பங்கள். அவர்களும் அப்போது இடம்பெயர்ந்து வெறுங்கையோடு இருந்தவர்கள்தான்.

மரண வீட்டுக்கு அந்த மனிதர் வெள்ளை உடுப்போடு வந்தார். அவர் கட்டியிருந்த இரங்கல் பதாகையில் அக்காவின் பெயரைவிட அவருடைய பெயர் பெரிதாக இருந்தது. மைக்கைப் பிடித்து, "சூறாவளிக் காலத்தில் நானும் சீலாவதியும் சேர்ந்துதான் இந்த மக்களுக்குக் கூரை போட்டுக் கொடுத்தோம்" என்றார். எனக்குச் சிங்களம் விளங்கும். எனக்கு மைக் தரவில்லை. அதனால்தான் இந்த எழுத்து.

வெள்ளைத் துணியைப் பிக்குமாருக்குக் கொடுக்கும் நேரம் வந்தது. உறவினர்கள் சேர்ந்து அதன் ஓரங்களைப் பிடித்துக் கொடுப்பது அவர்களுடைய வழக்கம். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. பியசிறி கோலை ஊன்றிக்கொண்டு வந்து ஒரு முனையைப் பிடித்தார். மல்லிகா பிடித்தாள், அன்று பிழைத்த அவளுடைய மகள் பிடித்தாள். முதலாளியும் கையை நீட்டிக்கொண்டு வந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. தோளோடு தோள் நெருங்கி நின்றுகொண்டார்கள். பிடிக்க ஓரம் மிச்சமில்லை. நீட்டிய கையோடு அவர் நின்றதை ஊரே பார்த்தது. பியசிறி என்னைத் தேடி, பக்கத்தில் இடம் விட்டு, "நீங்களும் பிடிங்க" என்றார். பிடித்தேன்.

மன்னிப்பைப் பற்றிப் பள்ளிவாசலில் பயான் பிரசங்கம் நடக்கும்போது நானும் தலையாட்டுகிறேன். அந்த ஒரு ஆளை மட்டும் அதில் சேர்ப்பதில்லை. கோபத்தை விட்டுவிடுவதாக அக்கா பிக்குவிடம் சொன்னாரே, சொன்னபடி விட்டாரா என்பது எனக்குத் தெரியாது. விட்டிருந்தால், அந்தக் கோபத்தை எடுத்து வைத்திருப்பது நான்தான்.