யாரும் சாகாத அன்று அடித்த துக்க மணி

எங்கள் ஊர்க் கைப்பேசிகளின் வாயைக் கட்டியவள் நான்தான். வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் ஊரில் ஒரு செய்தி கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு மடங்காகிவிடும்.

தாமிரபரணி கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். முன்னால் கடல், ஒரு பக்கம் ஆறு, பின்னால் உப்பளம். கோயில் தெருவில் சின்னதாக ஒரு மொபைல் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ் போடுவேன், உடைந்த டிஸ்பிளே மாற்றுவேன், கப்பலில் இருக்கும் புருஷனுக்கு வீடியோ கால் போடத் தெரியாத பெண்களுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, காது கேட்காதவள் போல ஸ்குரூ திருகிக்கொண்டிருப்பேன். என் புருஷனும் கப்பலில்தான் இருக்கிறார். அதனால் இந்த மரியாதை எனக்குத் தெரியும்.

ஒரு நாள் எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், ஒரு கல்யாணப் பூசை. பங்குச் சாமியார் கேட்க, மாப்பிள்ளை சம்மதம் என்று சொல்லிவிட்டான். பெண் வாயைத் திறக்கிற நேரம். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அப்போது கோயிலுக்குள் இருந்த அத்தனை போனும் ஒன்றாக அலறின. ஆபத்து நேரத்தில் அரசாங்கம் எல்லாப் போனுக்கும் அனுப்பும் எச்சரிக்கைக்கு அன்றைக்கு ஒத்திகை. 'இது சோதனைச் செய்தி, பொருட்படுத்த வேண்டாம்' என்று திரையில் தமிழில்தான் போட்டிருந்தது. யார் படித்தார்கள்? குழந்தைகள் வீறிட்டன. ஒரு அத்தை தன் போனைக் கைக்குட்டையில் சுற்றி அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். பெண் சொன்ன சம்மதம் யார் காதிலும் விழவில்லை. சாமியார் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

பெண்ணின் அப்பா உப்பளத்தில் காவல் வேலை பார்ப்பவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். மனைவி போனபின் அந்த ஒரே மகளைத் தனியாக வளர்த்தவர். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பந்தி முடிந்ததோ இல்லையோ, கடைக்கு வந்து போனை மேஜைமேல் வைத்தார்.

"ஏளா, இந்தச் சனியன இப்பமே நிறுத்துதியா இல்லையா? எம்மவ கலியாணத்துல ஊளையிட்ட பிசாசு இது."

"ஒத்திகைதான் மாமா. சோதனைன்னு போட்டிருக்கு பாருங்க."

"யாருக்குச் சோதனை? எனக்குல்லா இருக்கு!"

அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. போனின் செட்டிங்கில் ஒத்திகைச் செய்திக்கு ஒரு பொத்தான், உண்மையான எச்சரிக்கைக்கு வேறு பொத்தான் என்று தனித்தனியாக உண்டு. ஒத்திகையை மட்டும் அணைத்திருக்கலாம். ஆனால் அது உள்ளே நாலு படி தள்ளி இருந்தது. மேலே எல்லாவற்றையும் ஒரே தட்டில் அணைக்கிற பொத்தான் இருந்தது. கல்யாணச் சாப்பாட்டுத் தூக்கம் வேறு கண்ணைச் சொருக, நான் அந்த ஒரே தட்டைத் தட்டினேன். அன்றும் அடுத்த வாரமும் வந்தவர்களுக்கெல்லாம் தட்டினேன். கடைசியில் என் போனிலும் தட்டினேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

இதை வைத்து எங்களை எச்சரிக்கையை மதிக்காத ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் எங்கள் ஆட்கள் ஒருவர்கூடக் கடலில் இறங்கமாட்டார்கள். படகை மேலே இழுத்துக் கட்டி, வலையைச் சுருட்டி, இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டுச் சீட்டு விளையாட உட்கார்ந்துவிடுவார்கள். செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, அவ்வளவுதான். மழை எச்சரிக்கை என்றால் உப்பளத்துக்காரர்களுக்கு அம்பாரத்தை மூடு என்று அர்த்தம். குவித்து வைத்த உப்புக்குத்தான் அம்பாரம் என்று பெயர். கடைக்காரியான எனக்கோ, கரண்ட் போவதற்குள் எல்லாப் போனையும் சார்ஜில் போடு என்று அர்த்தம். ஒரே செய்தியை ஆளாளுக்குத் தன் தொழிலுக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொண்டோம். வீட்டைவிட்டுப் போ என்று அது சொல்லக்கூடும் என்பது எங்கள் யார் புத்தியிலும் இல்லை. தண்ணீர் வந்தால் கடலிலிருந்துதான் வரும், கடலைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோமே.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள். முந்தின நாளிலிருந்து விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு மாமாவின் போன் உப்புத் தண்ணீரில் விழுந்து என்னிடம் வந்திருந்தது. கழுவிக் காயவைத்து எழுப்பிவிட்டேன், ஆனால் பாதியில் நின்று நின்று போனது. அன்று காலை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிக்கொண்டிருந்தபோது அவர் தலையில் தார்ப்பாய்ச் சுருளோடு கடை வாசலில் நின்றார்.

"சாயங்காலம் வாங்க மாமா, இன்னும் கொஞ்சம் வேல கெடக்கு. போன் இல்லாம இந்த மழையில அங்கனயா போறீங்க?"

"உப்பு என்ன போன் போட்டா கூப்பிடும்? மூடலேன்னா கரைஞ்சிரும்லா" என்று சொல்லிவிட்டு, உப்பளத்துக்குப் போகும் வரப்புப் பாதையில் நடந்தார். ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஒரு பக்கம் பாத்தி, ஒரு பக்கம் ஆறு.

மதியத்துக்குச் சற்று முன்னால் கரண்ட் போனது. கடையில் நான் மட்டும் இருந்தேன். அப்போது மேஜை இழுப்பறைக்குள் ஏதோ அலறியது. கல்யாணத்தன்று கேட்ட அதே அலறல். இழுத்துப் பார்த்தேன். மாமாவின் போன். புதிதாக்கியதில் நான் அணைத்து வைத்ததெல்லாம் பழையபடி திறந்துகொண்டிருக்கிறது. மற்ற எந்தப் போனும் சத்தம் போடவில்லை. எப்படிப் போடும்?

அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள், ஆற்றில் பெருவெள்ளம் வரும், கரையில் இருப்பவர்கள் உடனே மேட்டுக்குப் போகவும் என்று இருந்தது. சோதனை என்ற வார்த்தையைத் தேடினேன். இல்லை. என் போனை எடுத்து யாரையாவது கூப்பிடலாம் என்று பார்த்தால் சிக்னல் போய்விட்டிருந்தது. ஆற்றங்கரையில் வரப்புமேல் நிற்கிற மனிதரின் போன் என் கையில் இருக்கிறது. இரண்டு போனையும் பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன்.

சாமியார் எங்கள் கடற்கரைக்காரர் இல்லை, உள்நாட்டுக்காரர், இளம் வயது. செய்தியை இரண்டு முறை படித்தார். மைக்கில் சொல்லலாம் என்றால் கரண்ட் இல்லை. கோயில் முகப்பில் மழைக்கு ஒதுங்கியிருந்த இரண்டு பேரிடம் சொன்னார்.

"படகெல்லாம் நேத்தே கட்டியாச்சு சாமி" என்றார் ஒருவர், சமாதானமாக.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வீடு வீடாகப் போய்ச் சொன்னாலும் இதே பதில்தான் கிடைக்கும். உப்பளத்துக்கு ஓடி மாமாவைக் கூப்பிட்டாலும், இந்தா இன்னும் ஒரு பாய் என்பார், இன்னும் ஒரு கயிறு என்பார். இந்த ஊர் எதற்கு உடனே வரும்? போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடி வர இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"சாமி, துக்க மணி அடிக்கச் சொல்லுங்க" என்றேன்.

எங்கள் ஊரில் துக்க மணி கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வருவார்கள். யார் என்று தெரியும்வரை யாரும் வேலையைத் தொடமாட்டார்கள். உப்பளம்வரை கேட்கிற மணி அது.

சாமியார் திகைத்துவிட்டார். "அது பொய்யாச்சேம்மா" என்றார். மழையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு மணி அடிக்கும் உபதேசியாரைக் கூப்பிட்டு, "அடிங்க. இந்தப் பொய்க்குப் பாவசங்கீர்த்தனம் நான் பண்ணிக்கிறேன்" என்றார்.

உபதேசியார் நாற்பது வருஷமாக அடிப்பவர். முறை தவறாதவர். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஆம்பளைக்கா, பொம்பளைக்கா?"

ஆணுக்கு ஒரு அடி, பெண்ணுக்கு வேறு அடி. சாமியார் என் பக்கம் திரும்பினார். எனக்குப் பதில் தெரிந்தது. உப்பளத்தில் நிற்கிற மனிதருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பெண்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

"பொம்பளைக்கு அடிங்க."

மணி விழத் தொடங்கியது. ஒவ்வொரு அடியும் என் நெஞ்சில் விழுந்தது. பத்து நிமிஷத்தில் கோயில் முற்றம் நிறைந்துவிட்டது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, குழந்தையை இடுக்கிக்கொண்டு, சீட்டுக்கட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்கள். எல்லார் வாயிலும் "யாரு? யாரு?" என்ற கேள்விதான். சாமியார் படியில் ஏறி நின்று, யாரும் சாகவில்லை, ஆறு வருகிறது, எல்லாரும் கோயிலுக்குள் வாருங்கள் என்றார். கோயில்தான் எங்கள் ஊரில் மேடு. சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் கிளம்பி வந்துவிட்டவர்களை உள்ளே போகச் சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. ஆற்றோரத் தெருவில் படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவர்களைத் தூக்கிவர ஆட்கள் ஓடினார்கள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த மாமாவின் மகள் முற்றத்தில் குடையோடு நின்றாள். நான் அவள் பக்கத்திலேயே நின்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். தெருமுனையில் அவர் வந்தார். அறுபது வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தார்ப்பாய்க் கயிறு ஒன்று மணிக்கட்டில் சுற்றியபடியே இருந்தது. முழங்கால் வரை சேறு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் மகளைப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

மூச்சு வந்தபிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "யாருளா செத்தா?"

"யாரும் சாவல மாமா. ஆத்துத் தண்ணி வருது. ஒங்கள வரவழைக்கத்தான் அடிச்சது."

அவர் எழுந்து கையை ஓங்கினார். நான் நகரவில்லை. அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். மகள் அவர் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போனாள்.

ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர் வந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த கடலிலிருந்து இல்லை, முதுகுப் பக்கத்திலிருந்து. அவர் ஓடி வந்த வரப்பு மறைந்தது, பாத்திகள் மறைந்தன, காவல் கொட்டகையின் கூரை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்து அதுவும் போனது. ஆற்றோர வீடுகளில் ஜன்னல்வரை தண்ணீர். மூன்று நாள் கோயிலுக்குள் இருந்தோம். ஒரு உயிர் போகவில்லை. மூன்றாம் நாள் பூசையில் சாமியார் பேர் சொல்லி எண்ணிப் பார்த்து, எல்லாரும் இருக்கிறார்கள் என்றபோது, நான் வாய்விட்டு அழுதேன். எனக்கு அழுமூஞ்சி என்ற பேர் இதுவரை கிடையாது. அன்றைக்கு வந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

எத்தனை பேருக்கு நன்றி சொல்வது? பொய் சொல்ல ஒப்புக்கொண்ட சாமியாருக்கு, அவசரத்திலும் முறை கேட்ட உபதேசியாருக்கு, இழுப்பறைக்குள் இருந்து கத்திய போனுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக என் ஊருக்கு. யாரோ ஒருவர் போய்விட்டார் என்றால், அது யார் என்று தெரியாமலே கொட்டும் மழையில் கிளம்பி வருகிற ஜனம் இது. அந்த நல்ல குணத்தைப் பிடித்துத்தான் அன்றைக்கு அவர்களைக் காப்பாற்ற முடிந்தது. இப்போது வெள்ளத்துக்கென்று தனியாக ஒரு மணியடி வைத்திருக்கிறோம், துக்க மணியை இனி எதற்கும் கடன் வாங்குவதில்லை என்று சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தண்ணீர் வடிந்ததும் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு போனிலும் நான் அணைத்ததைத் திறந்துவைத்தேன். என்ன செய்தேன் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். திட்டியவர்களும் உண்டு. திட்டிவிட்டுக் காப்பி கொடுத்தவர்கள்தான் அதிகம்.

மாமா மட்டும் போனைக் கேட்டு வரவேயில்லை. மகள் வீட்டுக்கு நான் போனபோதும் அவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கடைக்கு வந்து, நின்றபடியே கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

"அந்தச் சத்தத்த அணைச்சிராத" என்றார்.

"இல்ல மாமா, அப்படியே இருக்கு."

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போகவில்லை.

"பொம்பளைக்கு அடிக்கச் சொன்னது நீதானாமே?"

உபதேசியார் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. "ஆமா மாமா. மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஆம்பளைக்கு அடிச்சிருந்தா, மிச்சப் பாயையும் கட்டிட்டுத்தாம்ளா வந்திருப்பேன்" என்றார்.