தைத்த கை

சிரட்டைத் தணலில் ஆட்டுத்தோல் சூடேறும் மணம் இன்றைக்கும் மூக்கில் பட்டால் எனக்கு வயிறு எரிகிறது. றபான் என்கிற கைப்பறையை அடிக்கமுன் அப்படித்தான் தணலுக்குக் காட்டித் தோலை இறுக்குவோம். எங்கள் மத்ரசாக் கூட்டத்தில் காட்டுவது நான், அடிப்பது மாமாவின் மகன் ஜவ்பர். நபி பிறந்தநாள் மீலாத் போட்டியில் முன்வரிசையில் நின்று அடிக்க ஒரே இடம்தான்; அதையும் அவனுக்கே கொடுத்தார்கள். இருவரும் ஒரே நாளில் பழகத் தொடங்கியவர்கள். அவன் அடித்தால் றோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்துவார்கள். நான் அடித்தால் "ஆரோ கதவத் தட்டுறாங்க, பாருங்க" என்று உம்மாவே குசினியிலிருந்து சொல்லுவா.

போட்டிக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மாமா வீட்டில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வீடியோ 'டெக்'கில் ஒரு பழைய இங்கிலீஷ் பேய்ப்படம் பார்த்தோம். பியானோ வாசிக்கிற ஒருவனுக்கு விபத்தில் இரண்டு கையும் போகிறது. டாக்டர் ஒரு கொலைகாரனின் கைகளை எடுத்துத் தைத்துவிடுகிறார். பிறகு அந்தக் கை வாசிக்க மறுத்துக் கத்தியைத் தேடுகிறது. எல்லாரும் பயந்தார்கள். நான், ஜவ்பரின் கையை எனக்குத் தைத்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு வேறு சந்தேகம். மறுமையில் வாயை மூடிவிட்டு, கையைத்தான் அல்லாஹ் சாட்சி சொல்ல வைப்பான் என்று எங்களுக்கு ஓதித் தந்திருந்தார்கள்.

"அப்ப தச்ச கை ஆருக்கெதிராக் கதைக்கும்?" என்று மாமியிடம் கேட்டான்.

"அத அல்லா பாத்துக்குவான், நீ தேத்தண்ணியக் குடி" என்றா மாமி.

போட்டியன்று பின்னேரம் றபானைத் தணலுக்கு மிகவும் கிட்டப் பிடித்தேன். எடுக்க நேரம் இருந்தது. எடுக்கவில்லை. தோல் வெடித்தது. கை தவறிவிட்டது என்றேன், எல்லாரும் நம்பினார்கள். ஜவ்பர் சிரித்தான்.

"மச்சான், ஒனக்கும் அந்தக் கொலகாரன்ட கையத் தச்சிட்டானுகள் போல."

பகிடிக்குத்தான் சொன்னான். பிறகு அடுத்த ஊர்க்காரரிடம் ஒரு றபானை இரவல் வாங்கி, பழகாத அந்தத் தோலிலேயே அடித்து முதலாமிடம் எடுத்தான். அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

படக் கொப்பி வாடகைக்குக் கொடுத்த கடை இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். 'டெக்' என்றால் என் பிள்ளைகளுக்கு விளங்காது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஜவ்பரும் நானும் ஒரே சஹன் தட்டில் சோறு தின்ன உட்கார்ந்தோம். சோறு வரும்வரை அவன் சஹனின் விளிம்பில் விரலால் தட்டினான். பக்கத்துச் சிறுவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இந்த வயதிலும் எனக்கு அதே எரிச்சல்தான்.

சோறு வந்தது. அவன் கைக்குப் பக்கத்தில் என் கையையும் வைத்தேன். அந்தப் படத்துக்காரனுக்கு, இது என் கையில்லை என்று சொல்ல ஒரு வழி இருந்தது. என்னுடையது என் உம்மா பெற்ற கை.