ஐந்து சுற்றும் ஐந்து கிலோமீட்டரும்

காலை 4.40. ஹெப்பகோடி பஸ் ஸ்டாப்பில் எங்களைத் தவிர ஒரு பூக்காரியும் இரண்டு நாய்களும்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று மெட்ரோ ஏழு மணிக்குத்தான் கிளம்பும். எங்கள் ஓட்டமோ ஆறரைக்கு. சிவாஜிநகர் இங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். ஆதார் அட்டையைக் காட்டினால் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், என் வீட்டுக்காரருக்கு முப்பது ரூபாய். சட்டையில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்த கண்டக்டர், ஓடியே போயிருந்தால் இவருக்கும் முப்பது ரூபாய் மிச்சமாகியிருக்குமே என்றார். இவர் சிரித்தார். அன்றைக்கு இவர் சிரித்தது அதோடு சரி.

இவர் பெயர் அந்தோணி, வயது ஐம்பத்து மூன்று. முப்பது வருடம் வண்டி ஓட்டியவர். கடைசியாக ஓட்டியது, நான் வேலை செய்யும் கார்மென்ட்ஸுக்குப் பெண்களை ஏற்றிவரும் வேன். மார்ச் மாதம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டார். இவருக்குத்தான் தைரியம் வரவில்லை. ஐந்து கிலோமீட்டர் ஓடி முடித்துவிட்டால் ஜனவரி ஒன்றாம் தேதி வேனை எடுக்கிறேன் என்று ஓனரிடம் தானாகவே போய்ச் சொன்னார். டாக்டரும் மெதுவாக ஓடுங்கள் என்று அனுமதி கொடுத்தார். துணைக்கு நானும் பேர் கொடுத்தேன். ஆளுக்கு அறுநூறு ரூபாய். நாற்பத்தேழு வயதில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள் நான்.

பயிற்சி, வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கரைப் பாதையில். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அதற்கே எனக்கு நாக்குத் தள்ளியது. நாலு மாதத்தில் ஐந்து சுற்று நிற்காமல் ஓடும் அளவுக்கு வந்தோம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர். அதை அளந்தவர் இவர்தான், தன் ஸ்கூட்டர் மீட்டரில். போனில் பார்க்கலாமே என்று கேட்டதற்கு, டிரைவருக்குத் தூரம் சொல்லிக்கொடுக்கிறாயா என்றார். நானும் விட்டுவிட்டேன். இவர் இவ்வளவு தெம்பாகப் பேசிக் கேட்டுப் பல மாதமாகியிருந்தது.

காலை 6.30. சிவாஜிநகரிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பள்ளி மைதானம். எல்லோருக்கும் சிவப்புத் தொப்பி கொடுத்தார்கள். தாத்தா முதல் பேரன் வரை தமிழ், கன்னடம், இங்கிலீஷ் என்று கலந்து கத்திக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கிளம்பியபோது இவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் ஷூ லேஸைத்தான் பார்த்தேன்.

கப்பன் ரோடு வரை சுகம். எந்த இடத்தில் எந்த வருடம் ஒன்வே ஆக்கினார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பேசிக்கொண்டே ஓட முடிந்தால் மூச்சு சரியாக இருக்கிறது என்று அர்த்தமாம். அல்சூர் ஏரியை நெருங்கும்போது பேச்சு நின்றது. சாலையோரத்தில் '3 கி.மீ.' என்று ஒரு பலகை. இவர் அதை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

"பலகையைத் தப்பா வச்சிருக்கானுங்க, மேரி. நாலு தாண்டியாச்சு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. கால்கள் வீட்டுக்குப் போகும் நேரம் என்றன. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் இவர் நின்றுவிட்டார். நெஞ்சில் கை. வலிக்கிறதா என்றேன். இல்லை என்றார். முகம் மட்டும் வெளிறியிருந்தது.

"நீ போ. சும்னே எனக்காக நிக்காத. நான் மெதுவா வரேன்."

போனேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நூறு அடி வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் பார்க்கவில்லை. முகத்தில் ஏரிக் காற்று. பக்கத்தில் ஓடிய டீச்சரம்மா ஒருத்தி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். கல்யாணமான இருபத்துநாலு வருடத்தில் யாருக்கும் சமைக்காமல், யாரையும் எழுப்பாமல், எனக்காக மட்டும் நான் மூச்சு விட்டது அந்த ஒன்றரைக் கிலோமீட்டர்தான். சந்தோஷமாக இருந்தேன். இவரை மறந்தே போனேன்.

காலை 7.25. முடித்துவிட்டு நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. எல்லைக்கோட்டில் இருபது நிமிடம் காத்திருந்தேன். நடந்தே வந்த கிழவர்கள்கூட வந்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் இவர் பெயரைச் சொல்லி, கூட வந்தவர்களை முதலுதவிக் கூடாரத்துக்கு வரச் சொன்னார்கள். அந்த இருநூறு அடி நடப்பதற்குள் நான் விதவையாகியே விட்டேன்.

ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்களாம்; இவர் நாற்காலியில் உட்கார்ந்து குளுக்கோஸ் குடித்துக்கொண்டிருந்தார். இளம் டாக்டர் ஈ.சி.ஜி. காகிதத்தை என்னிடம் நீட்டினார். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, பயந்துவிட்டார், அவ்வளவுதான் என்றார். நல்ல பையன், ஆறுதலாகத்தான் சொன்னான். இவர் தலைகுனிந்துகொண்டார். அடைப்பு என்று சொல்லியிருந்தால்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அடைப்புக்கு மாத்திரை இருக்கிறது.

காலை 9.10. திரும்பும் பஸ். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏரிக்கரைப் பாதையில் ஸ்கூட்டரை விடமாட்டார்கள். வாசலில் இரும்புக் கம்பி உண்டு. இவர் வெளியே தார் ரோட்டில் ஒரு சுற்று வந்து அளந்திருக்கிறார். நாங்கள் ஓடியதோ உள்பாதையில். ஒரு சுற்று எழுநூறு மீட்டர் இருந்தால் அதிகம். நாலு மாதமும் நாங்கள் ஐந்து கிலோமீட்டர் ஓடவே இல்லை. உடம்பு பழகிய தூரத்தில் நின்றுவிட்டது, இது பயமே இல்லை என்று இவரிடம் சொன்னேன். பெரிய ஆறுதல் சொல்லிவிட்ட நினைப்பு எனக்கு.

பஸ் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்றபோது இவர் சொன்னார்.

"முப்பது வருஷம் வண்டி ஓட்டுனவன். எவ்ளோ தூரம்னே தெரியல எனக்கு. பதினாலு பொண்ணுங்கள ஏத்திக்கினு போறப்ப நடுரோட்ல அந்த மாதிரி வந்தா?"

வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பதினாலு பேரில் நானும் ஒருத்தி. இவர் ஓட்டும் வேனில் ஏறுவேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் தெரிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதை இவரும் பார்த்துவிட்டார்.

மதியம் 12.15. அல்சூர் ஏரியைச் சுற்றி நல்ல நடைபாதை, மரநிழல், எல்லாம் உண்டு. எங்கள் ஏரியில் பாதி ஆகாயத்தாமரை. அல்சூருக்குப் போய்ப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய் ஓடிப் பாருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் படுத்திருந்த இவர், போனை என்னிடம் நீட்டினார்.

"நீயே சொல்லிடு, மேரி. என்னால ஆவாது."

ஓனருக்கு நான்தான் பேசினேன். முதலில் கிறிஸ்துமஸ் வாழ்த்து சொன்னேன். பிறகு, ஒன்றாம் தேதி இவர் வரமாட்டார், இப்போது ஓட்டுகிற பையனையே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஏன், என்ன ஆச்சு என்று அவர் கேட்டால் சொல்ல ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். சரிம்மா, நல்லது என்று வைத்துவிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.