ஈனோக் போடாத கையெழுத்து

ஜபேஸ் நியூ லண்டன் துறைமுகத்தில் கப்பல் பாய் தைப்பவன். வாய் கொஞ்சம் நீளம். பிரிட்டிஷ் ராஜாவுக்கு வரி கட்டித் தேநீர் குடிக்கிறவர்களைக் கடைவீதியில் நிறுத்திவைத்துக் கேலி செய்வான். அந்த ராஜாவின் ஆட்சியே வேண்டாம் என்று அமெரிக்காவில் சண்டை மூண்டு, பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை மடக்க ஊரார் கிளம்பியபோது முதல் ஆளாக ஏறினான். தங்கை கெசையாவின் புருஷன் ஈனோக்கையும் அவன்தான் இழுத்துக்கொண்டு போனான். அவள் அப்போது நிறைமாதம். பத்திரமாகக் கூட்டி வருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தவனும் அவன்தான்.

பதினோராம் நாள் பிரிட்டிஷ்காரர்களிடம் பிடிபட்டார்கள். புரூக்ளின் சேற்றோரம் பாய்மரம் பிடுங்கிப் போட்டு நிறுத்தியிருந்த பழைய போர்க்கப்பலில் அடைத்தார்கள். உள்ளே ஆயிரம் பேர். புழுத்த பட்டாணி, நாறிய மாட்டிறைச்சி. காலையில் மேல்கதவு திறந்ததும் காவலன் முதலில் கேட்பது, செத்தவர்கள் எத்தனை என்றுதான். செத்தவனைப் போர்வையில் வைத்துத் தைத்து, கரை மணலில் முழங்கால் ஆழத்தில் புதைக்க வேண்டும். ஊசி பிடிக்கத் தெரிந்தவன் என்பதால் தைக்கிற வேலை ஜபேஸ் தலையில் விழுந்தது.

அந்தப் போரில் குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட இப்படிக் கப்பல்களில் கிடந்து செத்தவர்கள் அதிகம். அவர்களுக்கு யார் சிலை வைத்தார்கள்?

வெளியே வர ஒரு வழி இருக்கத்தான் செய்தது. அவ்வப்போது ஓர் அதிகாரி காகிதத்தோடு வருவார். ராஜாவின் படையில் சேரக் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வெளியேறலாம். நல்ல ரொட்டி, சிவப்புக் கோட்டு. சொந்த ஊர்க்காரனைச் சுடக்கூட வேண்டாம், ஜமைக்காவில் காவல் காத்தால் போதும். ஆயிரத்தில் பத்துப் பேர்கூடப் போகவில்லை. போனவர்களை மற்றவர்கள் காறித் துப்பி அனுப்பினார்கள். ஜபேஸ் இரண்டு தடவை துப்பினான்.

ஜனவரியில் ஈனோக்குக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் வாரம் அவன் ஜபேஸின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், நான் கையெழுத்துப் போட்டுடறேன். உசிரோட இருந்தாத்தானே என்னைக்காவது பிள்ளை மூஞ்சியப் பாக்க முடியும்?"

"அந்தச் செவப்புக் கோட்டோட என் தங்கச்சி வாசல்ல போயி நிப்பியா மாப்ள? அவ கதவத் தொறக்க மாட்டா."

ஈனோக் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் ஜபேஸ் அவனைத் தைத்தான். புயலுக்குத் தாங்குகிற பாயைத் தைப்பது போல நெருக்கி நெருக்கித் தைத்தான். மற்றவர்கள் போதும் என்று சொல்லியும் நிறுத்தவில்லை.

அடுத்த வருஷம் இரு தரப்பும் கைதிகளை மாற்றிக்கொண்டபோது அவன் மட்டும் ஊர் வந்து சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிரியார், ராஜாவின் ரொட்டிக்கு மயங்காத வீரன் என்று ஈனோக்கைப் புகழ்ந்து தள்ளினார். கெசையா தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பன் தாடையை அப்படியே உரித்துவைத்த பெண் குழந்தை. ஜபேஸ் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பெருமையாவது அவளுக்கு மிஞ்சியிருக்கும். பாவி, அவனால் முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

சோளக்கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"அவரே கேட்டாரா?"

"கேட்டான்."

"நான் தொறக்க மாட்டேன்னு நீ சொன்ன."

ஜபேஸ் ஆமென்று தலையை ஆட்டினான்.

"ராஜா கோட்டு என்ன அண்ணே, பிசாசோட கோட்டப் போட்டுட்டு வந்திருந்தாலும் தொறந்திருப்பேன். என் புருஷனுக்கு நான்தானே பதில் சொல்லணும்? நீ ஏன் சொன்ன?"

அவள் கஞ்சியை இறக்கி, ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் சாகிற வரைக்கும், இருபத்தாறு வருஷம், அவள்தான் அவனுக்குச் சாப்பாடு போட்டாள். அண்ணே என்று கூப்பிடுவதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டாள்.