ரொட்டிக்காரர் பட்ட பன் கடன்

ரொட்டிக்காரர் தன் கடைச் சரக்கைத் தன் பிள்ளைக்கே கொடுப்பதில்லை, மாவில் என்னத்தையோ கலக்கிறார் என்று தெருவில் ஒரு பேச்சு. விசாரித்துப் பார்த்தால் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைப் பரப்புகிறவர்கள், தினமும் காலையில் அதே ரொட்டிக்கு முண்டியடிப்பவர்கள்தான்.

மகளை வீட்டில் சுண்டு என்பார்கள். வயது எட்டு, போடுவது ஐந்து வயதுச் சட்டை. ஓயாத வயிற்றுவலி. ரத்தம் எடுத்துப் பார்த்த குழந்தைகள் டாக்டர், கோதுமை உள்ளே போனால் உடம்பு தன் குடலையே தாக்குகிற சீலியாக் நோயாக இருக்கலாம் என்றார். அதைக் காட்டும் ஆன்டிபாடி அந்தப் பரிசோதனையில் பத்துக்குள் இருக்கவேண்டும். சுண்டுவுக்கு முப்பத்துநாலு.

"நூறைத் தாண்டியிருந்தா, இன்னொரு தடவை ரத்தம் பார்த்தே முடிவு சொல்லிடலாம். இது நடுவாந்தரம். குழாய் விட்டுக் குடலைப் பார்க்கணும்."

"அப்ப கூட இருந்தா நல்லதா, குறைய இருந்தா நல்லதா டாக்டர்?"

"இல்லாமலே இருந்தா நல்லது."

பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்ததென்று வருந்தும் தகப்பன்கள் உண்டு. ஆன்டிபாடி குறைந்ததென்று வருந்தியவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

குழாய்ப் பரிசோதனைக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அதுவரை வழக்கம்போல் சாப்பிடட்டும் என்று டாக்டர் சொன்னதை ரொட்டிக்காரரின் அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கோதுமையை வீட்டைவிட்டே துரத்தினாள். வலி நின்றது. மறுபடி எடுத்த ரத்தத்தில் பன்னிரண்டு.

"பார்த்தியாடா, உன் டாக்டர் படிச்ச படிப்பை நான் அடுப்படியிலேயே முடிச்சிட்டேன்!"

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். கோதுமையை நிறுத்தினால் எண் இறங்கத்தான் செய்யும். நோய் போய்விட்டதென்று அர்த்தமில்லை. பாதி ஆறிய குடலைப் பார்த்து ஏமாறவும் முடியாது, ஆயுள் முழுக்கக் கோதுமை கூடாது என்று ஊகத்தில் சொல்லவும் முடியாது.

"தினமும் ரெண்டு துண்டு ரொட்டி. ஆறு வாரம். அப்புறம் பார்ப்போம்."

தன் கையால் பிசைந்து, தன் கையால் சுட்டு, தன் கையாலேயே மகளுக்கு வலியை ஊட்டவேண்டும்.

"சும்மா இருந்திருக்கலாம்லக்கா?"

"நல்லதுக்குத்தானேடா செஞ்சேன்!"

"அந்த நல்லதை நீயே தின்னு பாரு."

சுண்டு மட்டும் பேரம் பேசினாள். "திங்கிறேன். ஆனா அப்புறம் வலிக்காத பன் ஒண்ணு செஞ்சு தரணும். நம்ம கடையில இருக்கிற மாதிரியே மெத்துனு."

"அவ்வளவுதானே? தரேன் கண்ணு."

அவசரத்தில் விட்ட வாக்கு. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆறு வாரமும் தின்றாள். குழாய் போய்த் திரும்பியது. நோய் உறுதி, கோதுமை இனி எப்போதும் இல்லை.

கோதுமைத் தூசிகூட வீட்டுக்குள் வரக்கூடாதென்று, இப்போது ரொட்டிக்காரர் மாவுச் சட்டையை வாசலிலேயே கழற்றிவிட்டுக் குளித்துத்தான் உள்ளே வருகிறார். வீட்டில் தனி அடுப்பு, தனித் தட்டு, அரிசி மாவு. அவருடைய இருபது வருட அனுபவத்தை அரிசி மாவு மதிக்கவே இல்லை. முதல் பன் தொட்டதும் உதிர்ந்தது. ஒன்பதாவதை அக்கா மேசைமேல் தட்டிப் பார்த்தாள்.

"கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்டா."

ஏழு வயதுச் சட்டைக்கு வந்துவிட்ட சுண்டு, ஓரத்தைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தட்டை அப்பா பக்கம் நகர்த்தினாள்.

"மெத்துனு சொன்னேன்."

ரொட்டிக்காரர் பத்தாவதற்கு மாவு சலிக்கப் போனார்.